கல் வாயடைத்த கதை

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. வாய் என்றால் சும்மா வாயா? ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய்! பூமிக்கு அடியில் கற்களெல்லாம் தோளோடு தோள் நெருக்கி நின்று, மேலே இருக்கிற மண்ணையும் மலையையும் மனுஷரையும் சுமந்துகொண்டிருந்தன.

அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள்தான் இருளாயி என்ற கருங்கல்லும் அவள் தம்பி சுக்கானும். அக்கா லேசில் அசையமாட்டாள். தம்பி வெறும் சுக்கான்கல். உடம்பும் இளக்கம், மனசும் இளக்கம். நாலு நாளைக்கு ஒருதரம் அவனுக்குத் தோள் கடுக்கும்.

சுமக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தோள் மாற்றும் முன் "தோளு!" என்று குரல் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் காலை ஊன்றிக்கொண்டு "மாத்து!" என்பார். அந்தச் சத்தம் கேட்டதும் மேலே ஊர்ச்சனம் பிள்ளைகுட்டியோடு பொட்டலுக்கு வந்து உட்கார்ந்துவிடும். தரை ஓர் ஆட்டம் ஆடும், நாலு பானை உடையும், திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இருக்காது.

இருளாயியின் தலைக்கு நேர் மேலே பூமயில் என்பவளின் வீடு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை தூளியில் கிடந்தது. அது கண் அசரும் நேரம் பார்த்துத்தான் சுக்கான் கத்துவான். பிள்ளை வீறிடும். பொறுத்துப் பார்த்த பூமயில் ஒருநாள் தரையில் குனிந்து கேட்டேவிட்டாள்.

"சுக்காண்ணே, ஒமக்குக் கோடிக் கும்பிடு. எம் புள்ள கண்ணு மூடி எத்தன நாளாச்சு தெரியுமா? கொஞ்சம் சத்தம் போடாம இருமே!"

சுக்கானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் கத்தக் கூடாது என்று இருந்தான். ஆனால் தோள் கடுப்பு சும்மா விடுமா? நாளுக்கு ஒரு நகக்கண் அளவு, மெள்ள மெள்ளத் தோளை இறக்கினான். மேலே செம்புத் தண்ணீர்கூட அலம்பவில்லை. பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. எவ்வளவு பக்குவமாகச் செய்கிறேன் என்று அவனுக்குப் பெருமை வேறு. அட அசடே, நீ இறக்கிய பாரம் காற்றிலா போகும்?

ஒரு மாசம் போனது. இருளாயி முனகினாள். "தம்பி, எனக்குப் பாரம் கூடிக்கிட்டே போகுதே. நீ ஏதும் நகர்ந்தியா?"

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் அக்கா "தோளு!" என்று கத்துவாள், பிள்ளை எழுந்துவிடும் என்று நினைத்தான் பாவி.

"இல்லக்கா, நின்ன இடத்துலதான் நிக்கிறேன்."

"அப்ப எனக்குத்தான் வயசாயிருச்சு போல," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் உச்சி வெயில். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டுப் பூமயில் குடத்தோடு கிணற்றுக்குப் போயிருந்தாள். இருளாயியின் தோள் படீரென்று நழுவியது. குரல் கொடுக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஊரில் நின்ற சுவர் ஒன்றுகூட இல்லை.

பூமயில் ஓடிவந்து வெறுங்கையால் மண்ணைத் தோண்டினாள். முதலில் தூளித் துணி கிடைத்தது. பிறகு பிள்ளை. அதற்கு மூச்சில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு தரையில் வாய் வைத்துக் கதறினாள்.

"சுக்காண்ணே, ஒரு குரல் குடுத்திருக்கப்படாதா? தூக்கிட்டு ஓடியிருப்பேனே!"

"அவன ஏசாத தாயி," என்று இருளாயி அழுதாள். "என் தோளுதான் தாங்கல. தப்பு என்னுது."

சுக்கான் வாயைத் திறந்தான். சத்தம் போடாதே என்றது நீதானே என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வான்? நகர்ந்தது நான்தான் என்று, பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வான்? திறந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. தம்பி பேசாததால் அக்கா பேச்சை விட்டாள். அவள் பேசாததால் அடுத்த கல்லும் விட்டது.

அன்று முதல்தான், ஒரு கல் சத்தமில்லாமல் நகர, பக்கத்துக் கல்லின் தோள் சொல்லாமல் கொள்ளாமல் நழுவி, பூமி அதிர்கிறது. சாமி சப்பரம் சுமக்கிற ஆட்கள் தோள் மாற்றும் முன் தொண்டை கிழியக் கத்துவதும் அன்று முதல்தான். பிள்ளை தூங்குகிறது, மெதுவாகக் கூப்பிடுங்கள் என்று எந்தத் தாயும் அவர்களிடம் சொல்வதில்லை.