மூன்று நொடி

2023ஆம் ஆண்டு, மே மாதம் 11ஆம் நாள், வியாழக்கிழமை. கத்திரி வெயில் தொடங்கி எட்டாம் நாள். காலை பத்து மணிக்கே காற்று அடியோடு நின்றுவிட்டது. தாமிரபரணிக் கரையிலிருந்த மருத மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

அந்த வெயிலில், அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஆற்றோரத்தில் இருந்த தியானக்கூடத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார் வேலாயுதப் பெருமாள். ஓய்வுபெற்ற அஞ்சல் கண்காணிப்பாளர். வயது அறுபத்தொன்று.

“அம்மா, அந்தப் பொம்பளை என்னைப் பாத்துச் சிரிச்சுட்டா!”

ஆசிரியை சண்முகவடிவு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். தம் மாணவர் பெருமாளைவிடப் பதினெட்டு வயது இளையவர். மனநல மருத்துவமனையில் செவிலியராக இருந்துவிட்டு வந்து, இந்தக் கூடத்தை நடத்துகிறவர்.

“எந்தப் பொம்பளை, அண்ணாச்சி?”

“பிஸ்கட் கம்பெனி பேச்சித்தாய். நாப்பது பேரு முன்னால நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கேன், அவ பல்லைக் காட்டுதா!”

“சிரிச்சது மட்டுந்தானா?”

“வாயும் பேசினா. ‘ஐயா, உங்க மூச்சு பன்னெண்டு நொடி, என் பெட்டி ஒம்போது நொடி. மிச்சம் மூணு நொடியை யாரு தருவா?’ன்னு கேக்கா. என்ன திமிரு பாத்தீங்களா?”

ஆசிரியை, தண்டின் நாரை விரலில் சுற்றி இழுத்தார்.

“யாரு தருவா?”

“என்னம்மா?”

“கேள்விதானே கேட்டிருக்கா. நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

பெருமாள் பதில் சொல்லியிருக்கவில்லை. ‘வாயை மூடு’ என்று மட்டுமே சொல்லியிருந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தம் ஏறி, உறக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுந்துகொண்டு இதே படிகளில் ஏறியவர் அவர். நான்கு எண்ணி மூச்சை இழு; இரண்டு எண்ணி நிறுத்து; ஆறு எண்ணி விடு. ஆசிரியை கற்றுத்தந்தது அவ்வளவே. தம்மைப் பிழைக்க வைத்தது அந்த மூச்சுதான் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதைப் பார்த்து ஒருத்தி சிரிப்பதா?

பிஸ்கட் ஆலையில் இரண்டு மாதத்தில் நான்கு பெண்கள் மயங்கி விழுந்திருந்தார்கள். அதனால் மன அழுத்தத்தைக் கையாளும் வகுப்பு நடத்தித் தரும்படி மேலாளர் தியானக்கூடத்தைக் கேட்டிருந்தார்; போய் நடத்தியவர் பெருமாள். மூன்று வியாழக்கிழமைகள் வகுப்பு நடந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு அன்று காலைதான் முடிந்தது.

பெருமாள் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, சனிக்கிழமை காலையில மேலாளர்கிட்டக் கொடுத்துருவேன்.”

ஆசிரியை படித்தார். அச்சிட்ட படிவம். ‘ஒத்துழைக்க மறுப்பவர்’ என்ற கட்டத்தில் பேச்சித்தாயின் பெயர். ‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘மனநிலை இவ்வேலைக்கு ஏற்றதன்று’ என்ற வரி. எழுத்து பெருமாளுடையது. சொற்கள் மேலாளர் சொல்லிக் கொடுத்தவை.

“இதைக் கொடுத்தா என்ன ஆகும், அண்ணாச்சி?”

“வேலையை விட்டு நிறுத்துவாங்க. பதினோரு வருசமா இருக்காளாம். இருந்து என்ன செய்ய? படிய மாட்டேங்குதாளே.”

ஆசிரியை தாளை மடித்து அவர் பையிலேயே வைத்தார்.

“நாளைக்கு அவ நிக்கிற எடத்துல நீங்க நில்லுங்க. அவ வேலையைச் செய்யுங்க. நாலு, ரெண்டு, ஆறு. ஒரு மூச்சும் தவறக் கூடாது. சாயங்காலம் வாங்க, கையெழுத்துப் போடுதேன்.”

“நானா? அறுபத்தோரு வயசுல பிஸ்கட் பெட்டி அடுக்கவா? நான் எத்தனை தபாலாபீசைக் கட்டி ஆண்டவன் தெரியுமா?”

“அவளுக்கு அம்பத்து நாலு” என்றார் ஆசிரியை. அதன்பின் வாழைத்தண்டின் பக்கம் திரும்பிவிட்டார்.

*

மறுநாள் காலை மேலாளர் மகிழ்ந்து போனார்.

“பிரமாதம், சார்! நீங்களே செஞ்சு காட்டினா ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா. நான் போன்ல படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புறேன்.”

பேச்சித்தாய் தன் இடத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

“ஐயா, பெல்ட்ல ஆறு ஆறு பொட்டலமா வரும். எடுங்க, பெட்டியில வைங்க, மூடியை மடிங்க, டேப்பை இழுத்து ஒட்டுங்க, இடது பக்கம் தள்ளுங்க. இது ஒம்போது நொடி. பிந்தினா அடுத்த ஆறு வந்து உங்க முழங்கையில இடிக்கும்.”

“எனக்குத் தெரியும்” என்றார் பெருமாள்.

நான்கு எண்ணி மூச்சை இழுத்தார். பொட்டலங்கள் பெட்டிக்குள் போயின. இரண்டு எண்ணி நிறுத்தினார். மூடி மடிந்தது. ஆறு எண்ணி விடத் தொடங்கினார். மூன்றாம் எண்ணிக்கையில், அடுத்த ஆறு பொட்டலங்கள் வந்து அவருடைய முழங்கையில் இடித்தன.

மீண்டும் முயன்றார். மீண்டும் இடித்தன.

பத்தாம் பெட்டியில் எண்ணிக்கை குழம்பியது. இருபதாம் பெட்டியில் எண்ணுவதையே விட்டுவிட்டார். வேகும் மாவின் வாசனையும் அடுப்பின் வெக்கையும் முகத்தில் அறைந்தன. மேற்பார்வையாளன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, முடிந்த பெட்டிகளின் எண்ணிக்கையை உரக்கச் சொன்னான். ஒவ்வொரு முறையும் அந்த எண் குறைந்துகொண்டே வந்தது.

“ஐயா, மூச்சு எங்க?”

“உள்ளதான் இருக்கு.”

“வெளிய விடுங்க. உள்ளயே வச்சுக்கிட்டா போய்ச் சேந்துருவீங்க.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியின் கையும் நிற்கவில்லை.

பதினொன்றரை மணிக்குப் பெருமாள் தம்மையே கவனித்தார். பல்லைப் பல் கடித்துக்கொண்டிருந்தது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. வயிறு கல்லாக இறுகியிருந்தது. இவையெல்லாம் அழுத்தத்தின் அறிகுறிகள் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டவர் அவரே.

“தண்ணி குடிக்கணும்.”

“சாப்பாட்டு மணி அடிக்கட்டும், ஐயா.”

“இதை நிறுத்த முடியாதா?”

“அந்தா இருக்குல்லா, சிவப்புப் பொத்தான். அமுக்கினா நிக்கும். அமுக்கினவ பேரு நோட்டுல ஏறும். மூணு தடவை ஏறினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதினோரு வருசத்துல நான் அதைத் தொட்டதே கிடையாது.”

பெருமாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழங்கையில் இடித்த பொட்டலங்கள் தரையில் சரிந்தன. கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தார்.

பெல்ட் நின்றது.

பேரிரைச்சல் அடங்கிய அந்தக் கூடத்தில் வேறோர் ஓசை எழுந்தது. முதலில் அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

நாற்பது பெண்கள் மூச்சு விட்டார்கள்.

நீளமாக, அடிவயிற்றிலிருந்து, ஒன்றாக. பெருமாள் தம்மையறியாமல் எண்ணினார். ஆறு வந்தது.

ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேலாளர் ஓடி வந்தார்.

“பேச்சித்தாய்! உன் வேலைதானே இது? எடுடா அந்த நோட்டை!”

“நான்தான் அமுக்கினேன்” என்றார் பெருமாள்.

“நீங்களா, சார்? பரவால்ல சார், பரவால்ல. வெயில் ஒத்துக்கல போல. டேய், சாருக்கு ஒரு நாற்காலி போடு. ஐஸ் தண்ணி கொண்டா. ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு!”

நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது. மின்விசிறி திரும்பியது. நோட்டு மட்டும் வரவில்லை.

பெருமாள் உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். ஓரடி தள்ளி நின்ற பேச்சித்தாயைப் பார்த்தார். முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியில் வராத ஆத்திரம் அவருக்கு வந்தது.

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தார். பிஸ்கட் பெட்டியின் மேல் வைத்து விரித்தார். ‘ஒத்துழைக்க மறுப்பவர்’ என்ற கட்டத்திலிருந்த பெயரை அடித்தார். அதன்மேல் ‘பெல்ட்’ என்று எழுதினார். ‘காரணம்’ என்ற கட்டத்திலிருந்த வரியை அடித்துவிட்டு, ‘மூன்று நொடி’ என்று எழுதினார். கீழே, பதவிப் பெயரோடு முழுக் கையெழுத்துப் போட்டார்.

“என்ன சார் எழுதுறீங்க?”

“உம்ம படிவத்தை நிரப்புதேன் ஓய்!”

தாளை மடித்துப் பையில் வைத்தார். தண்ணீர்க் குவளையைப் பேச்சித்தாயின் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

*

மாலையில், படிகளில் நின்றபடியே கத்தினார்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே, அம்மா! மூணு வாரம் அந்த மக்ககிட்ட, ‘உங்க மனசுலதான் கோளாறு’ன்னு பேசியிருக்கேனே! என்னை எதுக்கு அங்க அனுப்பினீங்க? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா, நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பீங்க.”

பெருமாள் படியேறி வந்து தாளை நீட்டினார்.

ஆசிரியை அந்தத் தாளை வாங்கி, ஒரு சொல்லையும் மாற்றாமல், அவருடைய கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தைப் போட்டார்.

“நெஞ்சு படபடன்னு அடிக்குது, அம்மா. மூச்சுப் பயிற்சி செய்யவா?”

“இப்ப வேண்டாம்.”

“எப்ப?”

“அதோ பேனா இருக்கு. தொழிலாளர் அலுவலருக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. எழுதி முடிச்சு ஒட்டின பொறவு, ஆறு எண்ணி விடுங்க.”

*

அதன்பின் நடந்தவை இவை.

மேலாளர் வகுப்பை நிறுத்திவிட்டார். பேச்சித்தாயை வேலையிலிருந்து நீக்குவதற்கு அவரிடம் தாள் எதுவும் இல்லை. எனவே, ஒரு மாதம் அவளை மாவு மூட்டை இறக்கும் பகுதிக்கு மாற்றி வைத்தார். பெருமாளின் முதலிரு கடிதங்களுக்கு விடை வரவில்லை. மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு, ஜூலை மாதத்தில் அலுவலர் கையில் கடிகாரத்தோடு வந்து பெல்ட்டின் அருகே ஒரு மணி நேரம் நின்றார்.

செப்டம்பரிலிருந்து நாளுக்கு இருமுறை, பத்துப் பத்து நிமிட ஓய்வு கிடைத்தது. சைக்கிள் கொட்டகையின் நிழலில் பதினைந்து பதினாறு பெண்கள் உட்கார்ந்து, நான்கு, இரண்டு, ஆறு என்று மூச்சு விடுகிறார்கள். எண்ணிக்கை சொல்பவள் பேச்சித்தாய்.

“நல்லாத்தான் இருக்கு ஐயா, நேரம் இருந்தா” என்று அவள் பெருமாளிடம் சொன்னாள்.

பெட்டிக்கு இப்போது பதினொரு நொடி. மீதி ஒரு நொடிக்காக அவர்கள் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.