ஒரே பெட்டியில் இரண்டு முனை

சிஷ்யைக்கு முப்பத்தைந்து வயது. குருவுக்கு இருபத்தாறு. தாடியும் இல்லை, ஆலமரமும் இல்லை, இதென்ன குரு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சொல்லத் தெரிந்தவர் குரு, கேட்கத் தெரிந்தவர் சிஷ்யர். இதில் பிறந்த தேதிக்கு என்ன வேலை?

சிஷ்யையின் பெயர் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளம் கூப்பிட யாருக்கும் மூச்சு இல்லாததால் அரசி. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அந்தக் கடையில் நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான். காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்று நின்று, கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டுவிட்டது. இப்படியே நின்றால் கொஞ்ச நாளில் நிற்கவே முடியாது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாரும்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குருவின் பெயர் ரிஸ்வானா. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேசவைத்து மேய்க்கிறவள். ஓர் ஆடித் தள்ளுபடி நாளில் கடையின் பில் மிஷின்கள் மொத்தமும் வாயடைத்துப் போக, முதலாளி அவளைக் கூப்பிட்டார். வந்தாள், லேப்டாப்பைத் திறந்தாள், நாலு வரி தட்டினாள். எல்லா மிஷின்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. பார்த்துக்கொண்டிருந்த அரசிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வேலைக்குத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது. தோன்றுவதற்கு என்ன, காசா பணமா?

ஆனால் இந்த முறை தோன்றியதோடு நிற்கவில்லை. விடாமல் போய்ப் பேசிப் பழகினாள். ரிஸ்வானாவின் உதவியாள் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தான். "காலேஜ் திறக்கும்போது அவன் போயிருவான். அதுக்குள்ள அடிப்படையை மட்டும் படிச்சிட்டு வாங்க அக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்தாள். வகுப்புக்குப் போய்ப் படிக்க அரசிக்கு ஏது நேரம்? வீட்டிலிருந்தே, போனிலேயே, தன் போக்கில் படிக்கிற நெட்வொர்க் பயிற்சி ஒன்றில் சேர்வது என்று முடிவாயிற்று.

அங்கேதான் வந்தது வினை. ஒரு பயிற்சியில் சான்றிதழ் பெரிது, ஆனால் சொல்லித் தருகிறவர் மூக்கால் பேசினார். ஒன்று தமிழில் இருந்தது. தமிழில் படித்தேன் என்றால் வேலை தருவார்களா என்று பயம். இன்னொன்று இலவசம். இலவசம் என்பதாலேயே அதன்மேல் சந்தேகம். எல்லாவற்றிலும் முதல் பாடத்தை மட்டும் சேராமலே பார்க்கலாம். அரசி எல்லா முதல் பாடத்தையும் பார்த்தாள். 'நெட்வொர்க் என்றால் என்ன' என்பதில் அவளை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. இரண்டாம் பாடத்தில் என்ன இருக்கும் என்றுதான் தெரியாது.

பஸ்ஸில் கண் அசந்தால் ஒரு கனவு வரும். ஆசிரியர்கள் எல்லாரும் கடையில் வரிசையாக நின்று, "வணக்கம், நெட்வொர்க் என்றால் என்ன?" என்று கேட்பார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பில் போட்டுக்கொண்டே இருப்பாள். வரிசை குறையாது. இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியிருக்கும்.

கல்லூரி திறக்கக் கொஞ்ச நாளே இருந்த ஒரு மதியம், அவள் குருவைத் தேடிப் போனாள். லீவில் கிடந்த கட்டடம். நீள வராந்தாவில் ஓர் ஆள் இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைத் திறந்து ரிஸ்வானாவின் சின்ன அறைக்குள் போனால் ஏசி குளிரில் மார்கழி. அரையிருட்டில் அலமாரி அலமாரியாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இமைத்து இமைத்துப் பச்சைப் பொட்டுகள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ரீங்காரம். அரசி வந்த காரியத்தை மறந்து நின்றாள். கால்வலிகூட வேறு யாருக்கோ வலிப்பது போலத் தூரமாக இருந்தது.

"உக்காருங்க அக்கா" என்றாள் ரிஸ்வானா.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம்."

பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லி ரிஸ்வானாவுக்கு அலுத்துவிட்டது. "கேளுங்க" என்றாள்.

"எந்தப் பயிற்சியில சேரட்டும்?"

"போன தடவையும் இதத்தான கேட்டீங்க?"

"அப்ப மூணுதான் பாத்திருந்தேன். இப்ப ஏழு ஆயிட்டு."

"வேற யார்ட்ட கேட்டீங்க?"

"யார்ட்ட கேக்கல? கடையில கேட்டேன். போன்ல ஒரு குரூப் இருக்கு, அதுல கேட்டேன். அவங்க அவங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டாங்க. இப்ப அதுல ரெண்டு பேர், எதுல சேரலாம்னு திரும்ப என்கிட்டயே கேக்காங்க."

ரிஸ்வானா சிரிப்பாள் என்று அரசி நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

"உங்க போக்குல படிக்கலாம்னு எல்லாத்துலயும் போட்டிருக்குல்லா?"

"போட்டிருக்கு."

"உங்க போக்கு எது, அக்கா?"

அரசி யோசித்தாள். கடை திறக்கிற நேரம் தெரியும். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம் தெரியும். ஆடிக்கு எந்த வேகம், தீபாவளிக்கு எந்த வேகம் என்று கை தானாகவே ஓடும். எல்லாம் மற்றவர்கள் வைத்தது. உன்னுடையது இந்தா என்று யாரும் அவள் கையில் ஒன்றைக் கொடுத்ததே இல்லை.

"தெரியல மேடம். பயமா இருக்கு. தப்பான ஒண்ணுல விழுந்து, இந்தக் காலேஜ் வேலையும் கைய விட்டுப் போச்சுன்னா, நான் நின்னே சாக வேண்டியதுதான்."

ரிஸ்வானா எழுந்துபோய் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய ஸ்விட்ச் பெட்டியை எடுத்து வந்தாள். கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெட்டி. முகப்பில் வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒரு விளக்கு. தூசியைத் துடைத்து மேஜைமேல் வைத்து, இரண்டு லேப்டாப்புகளை அதில் இணைத்தாள். ஒன்று கூப்பிட்டது, மற்றது பதில் சொன்னது. ஒவ்வொரு பதிலும் ஒரு வரியாகத் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு குட்டை வயரை எடுத்தாள். ஒரு முனையைப் பெட்டியின் ஒரு துளையில் சொருகினாள். மறுமுனையை அதே பெட்டியில், பக்கத்துத் துளையில் சொருகினாள்.

முதலில் இரண்டு விளக்குகள் படபடத்தன. அப்புறம் நான்கு. அப்புறம் இமைப்பதே தெரியாத வேகத்தில் அந்த நான்கும். வயர் சொருகிய துளைகளெல்லாம் பச்சையாக எரிந்தன. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ரீங்காரம் காதுக்குள் இறங்க, அரசி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"நல்லா வேலை செய்யுதே மேடம்" என்றாள் கடைசியில்.

"திரையைப் பாருங்க."

பதில்கள் நின்றுபோயிருந்தன. முதல் லேப்டாப் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"என்னாச்சு?"

"அது, 'இன்னார் எங்க இருக்காங்க'ன்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு கேள்வி கேட்டுது. பொதுக் கேள்வி வந்தா இந்தப் பெட்டி அத எல்லாத் துளை வழியாவும் அனுப்பும். ஒரு துளையில போனது பக்கத்துத் துளையில திரும்பி வந்துட்டு. பெட்டிக்கு அது புதுசா வந்த கேள்வி. மறுபடி எல்லாத்துக்கும் அனுப்புது. இப்பம் வார பெட்டியெல்லாம் இதக் கண்டுபிடிச்சு நிப்பாட்டிரும். இது பழசு, இதுக்குத் தெரியாது."

"எவ்வளவு நேரம் இப்படிச் சுத்தும்?"

"கரண்ட் இருக்கிற வரைக்கும்."

அரசி இரண்டாவது லேப்டாப்பைப் பார்த்தாள். பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"பதில் சொல்ல வேண்டியது இந்தா இருக்கே மேடம்."

"இங்கதான் இருக்கு. பதில் வரத்தான் வழியில்ல. வழி பூரா அந்த ஒரே கேள்வி அடைச்சுக்கிட்டு நிக்குது."

அரசி பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவளுக்கு அதன்மேல் இரக்கமாக வந்தது.

"நிப்பாட்டிருங்க மேடம். பாவம்."

"நீங்களே நிப்பாட்டுங்க. அந்தக் குட்டை வயரைப் பிடுங்கினா போதும்."

அரசி கையை நீட்டினாள். இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விரல் இடது முனைக்குப் போயிற்று. அங்கிருந்து வலது முனைக்கு நகர்ந்தது. மறுபடி இடதுக்கு வந்தது. ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

"மேடம், எந்த முனையைப் பிடுங்கட்டும்?"

"ஏதாவது ஒண்ணை, அக்கா."