காலி இடத்தின் எடை

"எத்தனை தடவை ரெண்டர் போட்டாலும் கறுப்பாத்தான் வருது, டீச்சர்" என்றார் சுடலைமுத்து.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பாதி ஊரின் கல்யாணங்களைப் படம் பிடித்தவர். எடிட்டிங்கும், செய்ததை வீடியோ ஃபைலாக்கும் ரெண்டரும் மட்டும் இப்போதுதான் கற்கிறார். டீச்சர் ஜெசிந்தாவுக்கு இருபத்தைந்து. குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

அன்று மாலை திசையன்விளையில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். மைதானத்துப் பெரிய திரையில் ஆட்டம் ஓடும்போது, கீழ் ஓரமாக அணிப் பெயர்களும் புள்ளிகளும் கண்ணாடி மாதிரி ஒரு பட்டையில் மின்ன வேண்டும்.

பட்டை சுடலைமுத்து செய்தது. காலையில் ஓட்டிப் பார்த்தார்கள். பட்டை ஜோராக மின்னியது. மிச்சத் திரை முழுக்கக் கறுப்பு. ஆட்டத்தையே காணோம்.

விழாச் செயலாளர் தளவாய் அதிகம் பேசவில்லை.

"சாயங்காலமும் இப்படி வந்துச்சுன்னா, இனிமே மதுரை வீடியோக்காரங்க பாத்துக்கிடட்டும் வே."

மத்தியானச் சோற்றைக்கூட விட்டுவிட்டு ஜெசிந்தாவிடம் வந்திருந்தார் சுடலைமுத்து.

ஜெசிந்தா அவர் வேலையைக் கணினியில் திறந்தாள். அடுக்கடுக்காக இருந்ததில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததைத் தொட்டாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"கறுப்பு. பட்டைக்குப் பின்னால சாம்பலும் வெள்ளையுமா கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது. பாக்க அசிங்கமா இருந்துச்சு. மூடிட்டேன்."

அவள் கறுப்பை அணைத்தாள். கட்டங்கள் வந்தன.

"இங்க என்ன இருக்கு?"

"கட்டம்."

"நல்லாப் பாருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "கட்டந்தான் இருக்கு, டீச்சர்."

காலையில் பெண்கள் பயிற்சி செய்த வீடியோவை ஜெசிந்தா அடியில் இழுத்துப் போட்டாள்.

கட்டம் இருந்த இடமெல்லாம் பெண்கள் ஓடினார்கள்.

"அப்போ கட்டம்னா காலின்னு அர்த்தமா, டீச்சர்?" என்றார் சுடலைமுத்து.

வீடியோவை எடுத்துவிட்டு, இந்த முறை அவரே ரெண்டர் போட்டார். மறுபடியும் கறுப்பு.

"கறுப்பத்தான் எடுத்தாச்சே, டீச்சர்." அழாத குறை.

"எந்த வகை ஃபைலாப் போட்டீங்க?"

"கல்யாண வீடியோவுக்குப் போடுததுதான். சின்னதா வரும்லா."

ஜெசிந்தா வேறொரு வகையைத் தேர்ந்தெடுத்தாள். அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. முன்னதைவிடப் பல மடங்கு.

"படத்துல முக்கால்வாசி காலி. காலிக்கா இவ்வளவு எடை?"

"எந்தெந்த இடம் காலின்னு ஃபைல்ல அதையும் எழுதி வைக்கணும்லா அண்ணாச்சி. எழுதலன்னா, அங்க கறுப்ப ஊத்தி வச்சிரும்."

ரெண்டர் ஆமையாக நகர்ந்தது. பிளக்கில் கால் பட்டுவிடுமோ என்று சுடலைமுத்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் கடைசி ரெய்டு. இரு அணிகளும் சமம். உள்ளூர்ப் பெண் மாரிச்செல்வி எதிரணிப் பக்கம் பாய்ந்து, காலை நீட்டித் திரும்பினாள். போனஸ் கோட்டுக்கு அப்பால் விரல் பட்டிருந்தால் ஒரு புள்ளி; கோப்பை.

பட்டது என்றார் ஒரு நடுவர். படவில்லை என்றார் இன்னொருவர். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

காட்சி மெதுவாக ஓடியது. கோடு பட்டைக்கு நேர் பின்னால் கிடந்தது.

பெயருக்கும் புள்ளிக்கும் நடுவே, கோட்டுக்கு அப்பால், அவள் பெருவிரல் அழுத்தமாகப் பதிந்து எழுந்தது.

மைதானமே எழுந்து கத்தியது. மாரிச்செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"விரலப் பாத்தீரா வே? என்ன தெளிவு! ஆமா, உம்ம பட்டை எங்க வே? என் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லையே."

சுடலைமுத்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். வாழ்நாளில் இப்படி ஒரு பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

"அந்தப் பட்டை வழியாத்தான் வே விரலப் பாத்தீரு."