பக்கத்து வீட்டுக்கு வழிந்த வெயில்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் இன்று நான் குடிக்கப்போகிற காப்பி விளக்கெண்ணெயாகப் போகட்டும். சத்தியம். சத்தமாகவே சொல்கிறேன், தெருவே கேட்கட்டும்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் தெருவில் அடிக்கிற வெயில் உமக்குத் தெரியாது. காக்கை பறந்து போனால் அதன் நிழல் கருகிக் கீழே விழும். காலையில் வாரியலால் கூட்டித் தள்ளுவோம். அந்த வெயிலை நம்பித்தான் ஜவுளிக்கடை தீத்தாரப்பன் ஒரு கரண்ட் கார் வாங்கினார். ஆறு மாதம் கழித்து அதற்குத் தீனி போட மொட்டைமாடியில் சோலார் பேனல் போட்டார்.

பேனல் மாட்டியவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க செலவு போக மிஞ்சுற கரண்ட் தெரு லைனுக்குப் போயிரும் அண்ணாச்சி. எந்த வீடு பக்கத்துல இருக்கோ, அங்கதான் முதல்ல பாயும்."

பக்கத்தில் இருந்தது தம்பி வேலாண்டி வீடு.

தீத்தாரப்பன் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று நாலு வருஷம். வேலாண்டி மகள் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் தாய்மாமன் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது, அதுதான் சங்கதி. தம்பி மாடி கண்ணில் படக்கூடாதென்று நடுவில் பனை உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவரின் நிழல் காலையில் தம்முடைய பேனல் மேலேயே விழுகிறதென்று நாலு பேனல் கூடுதலாகப் போட்டவரும் அவரேதான். தம்பி பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. பேனல்காரருக்கும் அதே சட்டம்.

"என் வெயில்ல அவன் வீட்டு மிக்ஸி ஓடுறதா?" என்றார்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. காரை வாசலில் நிறுத்தி, வயரைச் சொருகி, காவல் இருந்தார். மத்தியானத்துக்குள் கார் நிறைந்து, மிச்சம் வழிய ஆரம்பித்தது. காலியாக்கிக்கொண்டு வரலாமென்று காரை எடுத்து ஊரைச் சுற்றினார். இவர் சுற்றுகிற நேரம் வெயில் சும்மா இருக்குமா? மொத்தமும் தம்பி வீட்டுக்குப் போனது. வீட்டில் நின்றால் நிறைந்து வழிகிறது, வெளியே போனால் நிறையாமலே வழிகிறது. இப்படியே நாள் போக, கடைப் பூட்டில் சிலந்தி குடும்பம் நடத்தியது. "மாடியா, நானா?" என்று வீட்டம்மா கேட்டார். பதில் வரத் தாமதமானதால் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுகிற மடம் ஒன்று சாலையோரம் இருக்கிறது. அதை நடத்துகிற சாமியம்மாவுக்கு, வயதைப் பார்த்தால், தீத்தாரப்பன் மகள் வயதுதான். ஆனாலும் அவர்தான் இவருக்குக் குரு. அன்றைக்கு நான் தூணுக்குப் பின்னால் தூங்குகிறவன் மாதிரி படுத்திருந்தேன்.

சாமியம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தீத்தாரப்பன் எதிரே பலகையில் உட்கார்ந்தார்.

"தாயே, மிஞ்சுற கரண்ட் முதல்ல பக்கத்து வீட்டுக்குத்தான் பாயும்னுட்டாரு பேனல்காரர். கார் நிறையணும், ஒரு சொட்டும் வெளிய போகக் கூடாது. அதுக்கு எத்தனை பேனல்? இதுல என் கடை போச்சு. அவளும் போயிட்டா."

"கார் தெனம் எவ்வளவு தூரம் ஓடும்?"

"கடைக்குப் போய் வந்தா இருபது கிலோமீட்டர்."

"இப்போ?"

"ஊரைச் சுத்தி நூறு."

சாமியம்மா சிரிக்கவில்லை. நான்தான் துண்டைக் கடித்துக்கொண்டேன்.

"நாளைக்குப் பேனலைத் தார்ப்பாய் போட்டு மூடும். அதோட சுவிட்சையும் அணைச்சிரும். காரை மட்டும் பகல் முழுக்கச் சொருகிவையும்."

"மூடிட்டா கார் எதைக் குடிக்கும்?"

"அதை நீர் வந்து சொல்லும்."

மறுநாள் சாயங்காலம் வந்தார். நானும் அதே தூணுக்குப் போய்விட்டேன்.

"நிறைஞ்சிட்டு தாயே. தெரு லைன்ல இருந்து இழுத்திருக்கு. இதுல என்ன அதிசயம்?"

"லைனுக்கு எங்க இருந்து வந்துச்சு?"

"கயத்தாறுப் பக்கம் கரண்ட் காத்தாடி சுத்துதுல்லா."

"அவ்வளவு தூரம் எதுக்குப் போறீரு? மிஞ்சுற கரண்ட் எந்த வீட்டுக்கு முதல்ல பாயும்னு சொன்னாரு உம்ம பேனல்காரர்?"

"பக்கத்து வீட்டுக்கு." தீத்தாரப்பன் நிறுத்தினார். "அவன் மாடியில ஏது பேனல்?"

"பார்த்தீரா?"

"நடுவுல சுவர் இருக்குல்லா."

"யார் கட்டினது?"

சாமியம்மா ஒரு கொட்டையை எடுத்துக் கூடையில் போட்டார்.

"உமக்குக் கார் வந்த மறு மாசமே அவர் மாடியில பேனல் ஏறிட்டு."

தீத்தாரப்பன் முகம் வெளுத்ததை நான் தூணுக்குப் பின்னாலிருந்தே பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"வேலாண்டிதான். நீர் உட்கார்ந்திருக்கிற பலகையில உட்கார்ந்து, கார் நிறைய எத்தனை பேனல் வேணும்னு கேட்டாரு."

"அவன்கிட்ட கார் கிடையாதே."

"அண்ணன் காருக்குன்னாரு."

புளிக்கூடைப் பக்கம் ஒரு ஈ சுற்றியது. அதன் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஜவுளிக்காரர் அல்லவா, தீத்தாரப்பன் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். "என் மீட்டர் என் பேர்ல ஓடுது. பில்லும் நான்தான் கட்டுறேன். அவன் விட்டதுல எனக்கு என்ன லாபம்?"

"அதையும் அவர்ட்ட சொன்னேன். 'லாபம் கிடக்கட்டும் சாமி, போய்ச் சேர்ந்தாப் போதும்'னாரு."

தீத்தாரப்பன் கையிலிருந்த கார் சாவி கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"எத்தனை பேனல்னு சொன்னீங்க தாயே?"

"உம்மகிட்ட கேட்டதைத்தான் அவர்கிட்டயும் கேட்டேன். கார் தெனம் எவ்வளவு தூரம் ஓடும்னு. 'நாலு வருஷமா அண்ணன் எங்க போறாரு வாராருன்னு எனக்குத் தெரியாதே சாமி'ன்னாரு. அதனால மாடி கொள்ளுற மட்டும் போட்டுட்டாரு."

சாமியம்மா மறுபடியும் புளியைப் பார்க்கக் குனிந்துகொண்டார். கூடை நிறைகிற வரைக்கும் தீத்தாரப்பன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவுதான் நான் பார்த்தது. அதற்குப் பிறகு கார் எந்த வாசலில் போய் நின்றது என்று என்னிடம் கேட்காதீர். கேட்டாலும், இதை யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர். இரண்டு வீட்டிலும் எனக்குக் காப்பி உண்டு.