எந்தக் கை வழுக்கியது?

கேட்டது கேட்ட நிமிஷமே கைக்கு வரவேண்டும், வந்த மறுநிமிஷமே அதில் குறை கண்டுபிடிக்க வேண்டும். இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு, முன்னொரு காலத்தில் ஒரு ராஜா பூங்கரை நாட்டை ஆண்டுவந்தான். பெயர் குலவர்த்தனன். நல்லவன்தான். ஆனால் மனசு எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்காகச் சன்னாசி ஆசாரி என்ற கொல்லர் ஒரு கத்தி செய்து கொண்டுவந்தார். ராஜா அதை உறையிலிருந்து உருவினான். கண்ணெதிரே பிடித்துப் பார்த்தான். பிடிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு இரும்பு தட்டையாக இருந்தது. அதற்கப்புறம் அலகு, வெட்டும் விளிம்பை நோக்கிச் சரியத் தொடங்கியது. தட்டை முடிந்து சரிவு தொடங்கும் அந்த எல்லையில், இரண்டு பக்கமும் ஒரு கோடு பிறை போல வளைந்து இறங்கியது. ராஜா விரலால் தடவினான். எது எங்கே முடிகிறது, எது எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குப் பிடிபடவே இல்லை. அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஆசாரியாரே, இதை இரும்பில் செய்தீரா, வெண்ணெயில் செய்தீரா?"

"இரும்புதான் மகாராஜா. இப்படிச் சாணை பிடிக்க இந்த நாட்டிலே வேற ஆள் கிடையாது" என்றார் ஆசாரி. அடக்கம் என்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

ஆயுதசாலைத் தலைவர் உத்தண்டருக்கு வயிறு எரிந்தது. தம் கை வழியாகப் போகாமல் ஒரு கத்தி நேராக அரசன் கைக்குப் போய்விட்டதே!

"அரசே, அந்தக் கோடு சுவரும் தரையும் சேர்கிற மூலை மாதிரி நறுக்கென்று இருக்கவேண்டும். இது வளைந்து கிடக்கிறது. சாணைக்கல்லில் ஆசாரியின் கை வழுக்கியிருக்கிறது. வழுக்கியதை அழகு என்று சொல்லி உங்கள் தலையில் கட்டிவிட்டார்."

ராஜாவின் முகம் சிவந்தது. ஒரு பிழையைப் பார்த்தா சபை நடுவில் சிலிர்த்துப்போனோம்? வெட்கம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்?

"வழுக்குகிற கை எதற்கு? வெட்டுங்கள்!"

காவலன் வாளை உருவினான். அத்தனை பேசிய ஆசாரி இப்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அமைச்சர் சோலைமலையார் மெல்ல எழுந்தார். "தங்கள் உத்தரவு அரசே. எந்தக் கையை வெட்டுவது?"

"என்ன ஐயா, எந்தக் கை என்றால்?"

"ஆசாரியாரையே கேட்போம். சாணை பிடிக்கும்போது கத்திப் பிடி எந்தக் கையில் இருக்கும்?"

ஆசாரி கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்து காட்டினார். "ஒரு பக்கம் தேய்க்கறப்ப வலது கையிலே சாமி. திருப்பிப் போட்டா இடது கையிலே."

"பார்த்தீர்களா அரசே! ஒரு பாவமும் அறியாத கையை வெட்டினால் பழி தங்களைச் சேரும். வழுக்கிய கை எது என்று உத்தண்டரே சொல்லட்டும்."

உத்தண்டர் கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இடது கைதான். அதுதானே பலமில்லாத கை!"

"ரொம்ப நல்லது. அதைச் சபைக்கும் காட்டிவிடுவோம். உங்கள் உத்தரீயத்தைக் கொடுங்கள். இங்கே இருப்பதில் மெல்லிய துணி அதுதான்."

அமைச்சர் அந்தத் துணியைக் கத்தியின் முதுகு மேல் போட்டு இரண்டு பக்கமும் படியவைத்தார். பிறகு தூபக்காலில் கிடந்த கரியை எடுத்துத் துணி மேல் தேய்த்தார்.

"ஐயோ, போன வாரம்தான் வாங்கினேன்!" என்று உத்தண்டர் அலறினார்.

துணியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்புப் பிறைகள் எழுந்தன. அமைச்சர் அந்த மடிப்புக் கலையாமல் துணியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். "இடது கை வழுக்கியிருந்தால் இந்த இரண்டு பிறையும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் இரண்டு கோடாகத் தெரியவேண்டும், அரசே."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். கிட்டே பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான், துணியைச் சுற்றி வந்து பின்னாலிருந்தும் பார்த்தான். ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. மயிரிழைகூட விலகவில்லை.

"ஒன்றைப் பார்த்துத்தானே ஆசாரியாரே மற்றதைத் தேய்த்தீர்?"

"எங்கே பார்க்கறது மகாராஜா? தேய்க்கற பக்கம் கல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கும், என் கண்ணுக்கே தெரியாது. கல்லுலே படற சத்தமும் கையிலே வர்ற அதிர்வும்தான் எனக்குக் கணக்கு."

ராஜா மறுபடி துணியை உற்றுப் பார்த்தான். கண்ணால் காணாமல் செய்த வேலையா இது?

உத்தண்டர் விடுவதாக இல்லை. "சரி, வேண்டுமென்றே வளைத்தார் என்றே இருக்கட்டும். வளைத்ததால் என்ன லாபம்?"

"துணியைக் கிழிக்கும் முன் ஜவுளிக்கடைக்காரர் என்ன செய்வார்?" என்று அமைச்சர் ராஜாவைக் கேட்டார்.

"ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவார்."

அமைச்சர் அதே கத்தியால் உத்தரீயத்தின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். சர்ரென்று இரண்டாகப் போயிற்று. ஒரு பாதியை எடுத்து, அதன் ஓரத்தில் வளைவாக ஒரு துண்டை அரிந்து எடுத்துவிட்டு இழுத்தார். துணி அசைந்து கொடுக்கவில்லை.

"கிழிசல் கிளம்புவது கூர்மூலையில்தான் அரசே. இரும்பும் அப்படியே. நறுக்கென்று மூலை வைத்த கத்தி, ஓங்கிக் குத்தும்போது அங்கேதான் முறியும். எதிரி எதிரே நிற்பான், தங்கள் கையில் வெறும் பிடி இருக்கும். வளைவு தங்கள் உயிருக்காக வைத்தது."

ராஜா ஆசாரியிடம் நடந்து போனான். அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். இமையெல்லாம் உலைக்கரி. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இதையா வெட்டச் சொன்னேன்!" என்றான். தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி ஆசாரிக்குப் போட்டான். அமைச்சரைப் பார்த்துக் கைகூப்பினான். அப்புறம் திரும்பினான்.

"உத்தண்டரே, இப்போது சொல்லும். எந்தக் கை வழுக்கியது?"

"எதுவும் இல்லை அரசே."

"அப்படியானால் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்."

உத்தரீயம் இல்லாத தோளோடு, சபை முழுக்கப் பார்த்திருக்க, உத்தண்டர் ஆசாரி முன் குனிந்தார். சாணைக்கல்லில் ஒரு நாளும் நடுங்காத அந்தக் கைகள் அப்போதுதான் நடுங்கின.