நொச்சிப்பத்துக்கு வேனில் போன வழி

கருப்பூரணிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களோடு இருக்கிற பெரிய தொந்தரவே அதுதான்.

அந்த ஊர்க் கொம்பையாவுக்கு அன்று ஒரே ஒரு வேலை. பத்தரை மணிக்குள் நொச்சிப்பத்துக்குப் போய், தங்கச்சி வடிவின் மகளை மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். அவளுடைய மூத்த பையன் காதுகுத்துக்கு இவன் போய்ச் சேருமுன் நல்ல நேரம் முடியப்போக, மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் மடி கொடுத்துவிட்டார். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளைக்கு இரவல் மடியா என்று வடிவு அழுது தீர்த்துவிட்டாள். இந்தத் தடவையும் வராவிட்டால் தனக்கு அண்ணனே கிடையாது என்றும் சொல்லியிருந்தாள்.

அதனால் எட்டு மணிக்கே கிளம்பினான். கூட்டாளிகள் சங்கிலியும் மாசானமும் துணைக்கு வந்தார்கள். வேன் சங்கிலியுடையது, வழி சொல்லும் போன் மாசானத்துடையது. பன்னிரண்டு கிலோமீட்டர்தான், நூறு தடவை போன வழி, போன் எதற்கு என்று கொம்பையா கேட்டான்.

"நீ போனது பஸ்சுல. அது பஸ்சுக்கு உண்டான வழி," என்றான் மாசானம். "வேனுக்கு வழி வேற இருக்கும்லா?"

நல்லவேளை, தப்பு பண்ண இருந்தோம் என்று கொம்பையா நினைத்துக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும், முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும் என்று போனில் ஒரு பெண்குரல் சொன்னது. சங்கிலி சடாரென்று பிரேக் போட்டான். முந்நூறு மீட்டர் எம்புட்டு என்று மூன்று பேருக்கும் தெரியாது. குத்துமதிப்பாகப் போவோமே என்றான் சங்கிலி. மாசானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொம்பளை கணக்காக எடுத்துச் சொல்லும்போது குத்துமதிப்பாகப் போனால் அவள் மனசு என்ன பாடுபடும்?

சீர்த்தட்டில் வடிவுக்கு எடுத்த பட்டுச்சேலை இருந்தது. ஐந்தரை மீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தது. கொம்பையாவும் மாசானமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ரோட்டில் விரித்து விரித்து அளந்துகொண்டே போக, சங்கிலி பின்னால் வேனை உருட்டிக்கொண்டு வந்தான். நாற்பத்தொன்பதாவது சேலையில் இடதுபக்கம் நல்ல தார்ரோடு வந்தது. நொச்சிப்பத்து என்று பலகையும் இருந்தது. இன்னும் ஐந்தரைச் சேலை பாக்கி என்று அதைத் தாண்டிப் போனார்கள்.

கணக்கு முடிந்த இடத்தில் ஒரு வைக்கோல் படப்பு நின்றது.

"ரோட்டைக் காணோமே," என்றான் சங்கிலி.

"உள்ள இருக்கும். வெயில்ல தார் உருகிரும்னு மூடி வச்சிருப்பாங்க," என்றான் மாசானம்.

கொம்பையா மணியைப் பார்த்தான். பத்தாகப் பத்து நிமிஷம். "திருப்புலே," என்றான்.

வேன் படப்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. படப்புக்காரர் ஓடிவந்து கேட்டதை இங்கே எழுத முடியாது. மிச்ச வைக்கோலாவது தப்பட்டும் என்று நாலு ஆளைக் கூட்டிவந்து, வேனை அந்தப் பக்கமாகத் தள்ளி ஒரு வண்டிப்பாதையில் விட்டார். அந்தப் பாதை நேரே போய் வடிவு வீட்டு வாசலில் முடிந்தது.

மணி பத்து இருபது. வடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சீக்கிரம் இறங்கச் சொல்லி ஓடிவந்தாள். கொம்பையா ஒரு காலைக் கீழே வைத்தான். சேருமிடத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் என்றது போன். காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"வழியில நின்னு பேச நேரமில்ல வடிவு. உன் வீட்டுக்குத்தான் போய்ட்டிருக்கோம்."

"இதுதாண்ணே என் வீடு."

கொம்பையா பார்த்தான். அதே வீடு, வாசலில் பந்தல், பந்தலுக்குள் மச்சான். அவனுக்கு மனசு ஆடிப்போனது. மாசானத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"பாக்க அப்படித்தான் இருக்கும்," என்றான் மாசானம். "இன்னும் நாலு கிலோமீட்டர் கெடக்கு."

வடிவு இருபத்தெட்டு வருஷமாக அவனுக்குத் தங்கச்சி. பேசி ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கி வேனுக்குள்ளேயே அண்ணன் மடியில் வைத்தாள். ஆசாரியை அங்கேயே வரவழைத்துக் காதைக் குத்த வைத்தாள். பத்து இருபத்தெட்டுக்கு இரண்டு காதும் முடிந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது, மாமனும் கூடவே அழுதான். பிள்ளை வாயில் போட வடிவு சீனி எடுக்கப் போன நேரத்தில், நேராகச் செல்லவும் என்றது போன். சங்கிலி சென்றுவிட்டான்.

கால் மணி நேரத்தில் வடிவுக்கு போன் வந்தது. கொம்பையாதான் பேசினான்.

"இப்படிப் பண்ணிட்டியே வடிவு. சேருமிடம் வந்தாச்சு. இங்க வெறும் பொட்டக்காடு. பந்தலையும் காணோம், உங்க யாரையும் காணோம்."

"பிள்ளை எங்கண்ணே?"

"அவ எங்களோட சரியா வந்து சேந்துட்டா. உனக்குத்தான் உன் வீட்டுக்கு வழி தெரியல. நீ நிக்கிற இடத்தை விட்டு அசையாத, மாசானத்தை அனுப்புதேன்."