நுனி ஏறும் உயரம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தேழு.

குருவின் பெயர் ஜெனோவா. தூத்துக்குடியில் ஒரு மாலை நேரக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறார். சீடர் தவசிக்கனி, இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சீடர் குருவை ‘மிஸ்’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். வகுப்பில் மற்ற எல்லோரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள்.

அங்கே பட்டப்படிப்பில் கால்குலஸ் வகுப்புக்குள், அதாவது ஒன்று துளி மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று பார்க்கிற நுண்கணித வகுப்புக்குள், நுழைய வேண்டுமானால் முதலில் முக்கோணவியலில் தேற வேண்டும். தவசிக்கனி இரண்டு முறை தவறிவிட்டார். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

அவர் கம்பெனியில் ஐம்பது வயதுக்கு மேல் யாரையும் கிரேன் கூண்டில் ஏற்றுவதில்லை. பட்டம் இருந்தால், எந்தச் சரக்கை எப்படித் தூக்குவது என்று திட்டம் வரைகிற மேசைக்குப் போகலாம். இல்லாவிட்டால் வாசல் கேட்டில் ஒரு ஸ்டூல். இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் தவசிக்கனிக்குக் கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

இந்த முறை விடுவதில்லை என்று ஐம்பத்து மூன்று சூத்திரங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கூண்டில் உட்கார்ந்து, கீழே லாரி வந்து நிற்கும்வரை, ஞாயிறு பள்ளிப் பிள்ளை சங்கீதம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார்.

முதல் வாரமே ஒரு சிறு தேர்வு. ஜெனோவா விடைத்தாளோடு அவரைப் பலகைக்கு அழைத்தார்.

“அண்ணாச்சி, சைன் எழுபத்தஞ்சு டிகிரிக்கு என்ன எழுதியிருக்கீங்க?”

“நாப்பத்தஞ்சும் முப்பதும் எழுபத்தஞ்சு மிஸ். ரெண்டு சைனையும் கூட்டிட்டேன். ஒண்ணு புள்ளி ரெண்டு.”

ஜெனோவா பலகையில் கிரேனின் நீண்ட கை மாதிரி ஒரு சாய்கோடு இழுத்தார்.

“இது உங்க கிரேனோட பூம். கோணம் எழுபத்தஞ்சு. நுனி எவ்வளவு உயரத்துல இருக்கு, அதைப் பூமோட நீளத்தால வகுத்தா சைன். எவ்வளவு தள்ளி இருக்கு, அதை வகுத்தா காஸ். உங்க பூம் எத்தனை மீட்டர்?”

“நாப்பது.”

“நீங்க எழுதினது சரின்னா நுனி எங்க நிக்கும்?”

தவசிக்கனி மனத்துக்குள் பெருக்கினார். முகம் மாறியது.

“நாப்பத்தெட்டுல.”

பின் பெஞ்சிலிருந்து ஐசக் என்ற பையன் கத்தினான். “மிஸ், அண்ணாச்சி பூமைப் பிடிச்சு இழுத்து நீட்டிட்டாரு!”

வகுப்பு சிரித்தது. தவசிக்கனியும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

“கூண்டுல இப்படி ஒரு தப்பைச் செய்வீங்களா அண்ணாச்சி?”

“சீச்சீ. லைசன்ஸைப் பிடுங்கிருவாங்க மிஸ்.”

“அந்த நோட்டைக் குடுங்க.”

கொடுத்தார். குரு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“மிஸ், பரீட்சைக்குப் பத்து வாரந்தான் இருக்கு.”

“அதனாலதான் பூட்டுதேன்.”

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. மற்றவர்கள் கணக்குப் போடும்போது இவர் கோடு இழுக்க வேண்டும். ஒரு பூம், நுனியின் உயரம், நுனியின் தூரம். கோணத்தை மாற்றி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நூறு தாள் தீர்ந்தது. எந்த விகிதம் கேட்டாலும் அந்தப் படத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நான்காவது வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“மிஸ், பசங்க நாப்பதாவது சூத்திரத்துல நிக்கானுவ. நான் இன்னும் கோடு போட்டுக்கிட்டு இருக்கேன். இப்படிப் போனா எப்ப கால்குலஸ் வாசலை மிதிக்க?”

“பூமை ஏத்தும்போது எதைப் பாப்பீங்க அண்ணாச்சி?”

“நுனியைத்தான்.”

“நாளைக்கும் அதையே பாருங்க.”

மறுநாள் கூண்டில் உட்கார்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பார்த்த நுனிதான். லிவரை ஒரு விரல் அகலம் தள்ளினார். நிறுத்தினார். மறுபடி ஒரு விரல். கீழே சிக்னல் கொடுக்கிறவன் வாக்கிடாக்கியில் கேட்டான், “என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா?”

“வண்டி நல்லாத்தான் இருக்குலே. நீ பேசாம இரு.”

பத்து வாரம் முடிந்தது.

எழுத்துத் தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினார். தேற ஐம்பது வேண்டும். மீதி ஒன்பதையும் வாய்மொழித் தேர்வில்தான் எடுக்க வேண்டும். அதற்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஆறுமுகநயினார் வந்திருந்தார். மதிப்பெண்ணிலும் பேச்சிலும் சிக்கனமான மனிதர். ஜெனோவா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

“ரெண்டு கோணத்தைக் கூட்டினா, அந்தக் கூட்டலோட சைன் என்ன? சூத்திரம் சொல்லுங்க.”

தவசிக்கனி வாயைத் திறந்தார். ஐம்பத்து மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

“சூத்திரம் ஞாபகம் இல்லை சார்.”

ஆறுமுகநயினார் பேனாவை எடுத்தார்.

“வரையலாமா சார்?”

பேனா நின்றது. “வரைங்க.”

தவசிக்கனி சாக்பீஸால் ஒரு சாய்கோடு இழுத்தார்.

“பூம் முதல் கோணத்துல இருக்கு சார். நீளம் ஒண்ணு. அதை இன்னொரு கோணம் நிமிர்த்துதேன். நுனி இங்க மேல வந்துட்டு. இந்த நுனிக்கு நான் ரெண்டு எட்டு வச்சுப் போறேன். முதல் எட்டு, பழைய பூம் கிடந்த கோட்டு வழியா. அது ரெண்டாவது கோணத்தோட காஸ். அப்புறம் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாத் திரும்பி அடுத்த எட்டு. அது ரெண்டாவது கோணத்தோட சைன்.”

“ம்.”

“முதல் எட்டு, முதல் கோணத்துச் சாய்வுல போகுது. அதோட உயரத்துக்கு முதல் கோணத்தோட சைனால பெருக்கணும். ரெண்டாவது எட்டு அதுக்குச் செங்குத்து. பழைய பூம் எவ்வளவு படுத்திருந்துச்சோ அவ்வளவு இது நிமிர்ந்திருக்கு. அதனால இதுக்கு முதல் கோணத்தோட காஸால பெருக்கணும். ரெண்டு உயரத்தையும் கூட்டிட்டா முடிஞ்சுது.”

எழுதி முடித்தபோது சூத்திரம் பலகையில் நின்றது. அவரே அதை ஒருமுறை ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஆறுமுகநயினார் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“அந்த ரெண்டாவது கோணத்தை மயிரிழை அளவுக்குச் சின்னதாக்குங்க. நுனி எவ்வளவு ஏறும்?”

ஜெனோவா தலை நிமிர்ந்தார். அது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி.

தவசிக்கனி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வலக்கையை முன்னால் நீட்டினார்.

“இப்படிப் படுத்திருக்கும்போது லிவரைத் தொட்டா விருட்டுன்னு ஏறும் சார். நிமிர நிமிர ஏத்தம் குறையும். நட்டக்குத்தலா நிக்கும்போது தொட்டா நுனி பின்னால நகரும். ஏறாது.”

“குறையும், சரி. எந்த அளவுக்கு?”

கை அப்படியே நின்றது. தவசிக்கனி பலகையைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் காத்திருந்த பையன்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள்.

“கோணம் மயிரிழைன்னா அந்த முதல் எட்டு முழுப் பூமேதான் சார். அதோட உயரம் ஏற்கெனவே இருந்த உயரம். புதுசா ஏறுறது ரெண்டாவது எட்டு மட்டுந்தான்.” அவர் குரல் மெல்ல உயர்ந்தது. “அப்படின்னா நிமிர்த்துற ஒவ்வொரு மயிரிழைக்கும், நுனி எவ்வளவு தள்ளி நிக்குதோ அந்த அளவுக்குத்தான் ஏறும். காஸ் சார். அது காஸ்!”

ஆறுமுகநயினார் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“இது யாரு சொல்லிக் குடுத்தது?”

“பூம் சார்.”

அவர் சிரித்தார். சிரிப்பிலும் சிக்கனந்தான். ஆனால் தாளில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்று எழுதி, தவசிக்கனிக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். முப்பது வருடத்தில் அப்படி யாருக்கும் அவர் காட்டியதில்லை.

ஜன்னலில் பெரும் சத்தம் எழுந்தது. தவசிக்கனி வெளியே வந்ததும் நாலு பையன்கள் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். இடுப்புக்கு மேல் ஏற்ற முடியவில்லை.

“ஏலே, ஒரு கிரேன் கொண்டாங்கலே!” என்று ஐசக் கத்தினான்.

தவசிக்கனி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவிடம் வந்தார். சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

“மிஸ், கால்குலஸ் முதல் பாடம் ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு சொல்லுதாங்க. அதுக்கு நான் என்ன படிச்சிட்டு வரணும்?”

ஜெனோவா கதவு வழியே பலகையைப் பார்த்தார். ஆறுமுகநயினார் அதை அழிக்காமல் விட்டிருந்தார்.

“முதல் பாடத்தைத்தான் இப்ப நீங்க நடத்திட்டு வந்துருக்கீங்க அண்ணாச்சி. திங்கக்கிழமை ரெண்டாவது பாடம். நேரத்துக்கு வந்துருங்க.”